அப்பளம் பொரிந்த இடம்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் வேதியியலைப் பற்றி எழுத உட்கார்வது எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. போன வாரம் மில் குடியிருப்பைப் பற்றி எழுதியபோது இந்தத் தயக்கம் இல்லை. அது நான் வளர்ந்த இடம். இந்த வாரம் எழுதப்போவது மற்றவர்கள் படித்த இடம். அங்கே நான் குடுவை கழுவினேன், மேசை துடைத்தேன், லேப் சாவியை வைத்திருந்தேன். விஷயம் தெரிந்தவர்கள் என் பிசகுகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். மாசி வெயில் லேப் ஜன்னல் வழியாக உள்ளே வந்து மேசை மேல் படுத்திருந்தது. நான் தொட்டியடியில் நின்று பீக்கர் கழுவிக்கொண்டிருந்தேன். கலைவாணி ஓடி வந்து என் பின்னால் நின்றாள்.

"அக்கா, எதிர்க்கடையில அப்பளம் வாங்கியாந்து தர்றியா? உளுந்து அப்பளம். சின்ன சைஸு."

பிள்ளை மத்தியானம் சாப்பிடவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். என் டப்பாவில் தயிர் சோறு மிச்சம் இருக்கிறது, தரட்டுமா என்றேன்.

"திங்கறதுக்கு இல்லக்கா. எக்ஸ்பெரிமென்டுக்கு."

அவள் கண்ணைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

கெமிஸ்ட்ரி லேபுக்கு அப்பளம் எதற்கு என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஐந்து மணிப் பெண்கள்

கலைவாணி எம்.எஸ்சி. கடைசி வருடம். தவளக்குப்பம் தாண்டி உள்ளே ஒரு ஊர். அப்பா நெல்லும் கரும்பும் போடுகிறவர். ஒல்லியான பெண். வேகமாகப் பேசுவாள், அதைவிட வேகமாக நடப்பாள். எங்கள் கல்லூரியில் முடித்துவிட்டு காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. ஆசை என்று சொன்னால் போதாது. காலையில் லேப் கோட்டு மாட்டும்போதே அதைப் பற்றித்தான் பேசுவாள்.

ஆராய்ச்சிக்குச் சேரப் போனால், உன் கையால் என்ன செய்தாய் என்று கேட்பார்களாம். கடைசி வருடத்தில் ஒவ்வொருவரும் ஒரு பொருளையாவது செய்து, சுத்தம் பண்ணி, இதுதான் என்று காட்ட வேண்டும். அதற்குப் பெயர் ப்ராஜெக்ட்.

அவளுக்கு வாய்த்த பொருளுக்கு மூன்று சாமான். ஒன்று, பாதாம் எசென்ஸ் மாதிரி மணக்கும் ஒரு எண்ணெய். இன்னொன்று, பழ மிட்டாய் வாசனை அடிக்கும் ஒரு திரவம். மூன்றாவது யூரியா. "எங்கப்பா மூட்டை மூட்டையா வயல்ல கொட்டறாரு, நான் ஸ்பூன்ல எடுத்து நிறுத்துப் போடறேன்" என்று சிரிப்பாள்.

இந்த மூன்றையும் சாராய ஸ்பிரிட்டில் போட்டு பகலும் இரவுமாகக் கொதிக்க விட வேண்டும். குடுவைக்கு மேலே ஒரு கண்ணாடிக் குழாய், அதைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். மேலே எழும் ஆவி குளிர்ந்து திரும்பக் குடுவைக்குள்ளேயே சொட்டும். தண்ணீர் நின்றால் ஆவி தப்பிப் போகும், குடுவை காய்ந்து கருகும். ஆகவே யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

அங்கேதான் கலைவாணிக்கு இடித்தது. எங்கள் லேபில் ஐந்து மணி மணியடித்தால் பெண் பிள்ளைகள் வெளியே போய்விட வேண்டும். எந்தப் பலகையிலும் அப்படி எழுதி வைக்கவில்லை. யார் சொன்னது என்றும் யாருக்கும் தெரியாது. கடலூர் ரோட்டில் பஸ் ராத்திரி வரைக்கும் உண்டு. ஆனாலும் மணி அடித்ததும் வாட்ச்மேன் கோவிந்தன் அண்ணன் வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமுவார், பெண்கள் பையை எடுப்பார்கள், பையன்கள் இருப்பார்கள், வேலை இருந்தால் ராத்திரி முழுக்கவும் இருப்பார்கள்.

எனக்கு அது அப்பாவின் மில் சங்கை நினைவுபடுத்தும். சங்கு ஊதினால் எங்கள் தெருவில் உலை ஏறும், சங்கு ஊதினால் உலை இறங்கும். யார் வீட்டுச் சோறு வெந்தது, வேகவில்லை என்று சங்குக்குத் தெரியாது.

கலைவாணி தன் குடுவையைப் பிரபுவிடம் ஒப்படைத்துவிட்டுப் போவாள். பிரபு அவள் வகுப்புப் பையன், கல்லூரிக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கியிருந்தான். நல்ல பிள்ளை. ஆனால் சாயங்காலம் குழாயில் தண்ணீர் நின்றுவிடும். முதல் தடவை அப்படித்தான் கருகியது. இரண்டாம் தடவை பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு என்று கரண்ட் போய், கொதிப்பது பாதியில் நின்றுவிட்டது. காலையில் வந்தவள் குடுவையைத் தூக்கிப் பார்த்தாள். அவன்தான் முதலில் பேசினான்.

"நான் முழிச்சிக்கினுதான் இருந்தேன் கலை. கரண்ட்டு போனா நான் இன்னா பண்ணுவேன்?"

"உன்ன யாருடா குத்தம் சொன்னது? எனக்கு நான் உக்காந்து பாக்கணும். அவ்வளவுதான்."

முதல் தடவை கருகிய குடுவையைத் தேய்த்தவள் நான். அடியில் ஒட்டியது போகவே இல்லை.

மதாம் கொடுத்த அடுப்பு

நூலகத்தில் எதையோ படித்துவிட்டு ஒருநாள் சார் முன்னால் போய் நின்றாள். சார் என்றால் எங்கள் துறையின் பேராசிரியர். கோபக்காரர் இல்லை, ஆனால் எதையும் லேசில் நம்ப மாட்டார். நாள் முழுவதும் கொதிக்க வேண்டியது மைக்ரோவேவ் அடுப்பில் சில நிமிடத்தில் முடிந்துவிடுகிறதாம், ஸ்பிரிட்டே வேண்டாமாம், தண்ணீர்க் குழாயும் வேண்டாமாம் என்றாள். அதற்கென்றே செய்த மெஷினுக்கு நம் கல்லூரி எங்கே போகும் என்றார் சார். வீட்டு அடுப்பே போதும் என்று எழுதியிருக்கிறார்கள் என்றாள் இவள். வீட்டு அடுப்பும் அப்போது எத்தனை வீட்டில் இருந்தது? நான் அதுவரை விளம்பரத்தில்தான் பார்த்திருந்தேன்.

சார் யோசித்தார். அவர் வீட்டுக்கு அடுத்த வீடு ஒரு சொல்தா குடும்பம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அந்த வீட்டு ஐயாவை முசியே என்பார்கள், அவர் காலமாகிவிட்டார். அவர் மனைவி மதாம் மட்டும் இருந்தார். அவரும் மகனோடு இருக்கப் பிரான்சுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். சாமான்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தவர், அடுப்பு வேண்டுமா என்று சாரிடமே கேட்டிருக்கிறார்.

ஆட்டோவில் கலைவாணி, பிரபு, நான் மூன்று பேரும் போனோம். பெரிய வீட்டுக்குள் போக எனக்குக் கூச்சம். வாசலிலேயே செருப்போடு நின்றுவிட்டேன். மதாம் என் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய் நாற்காலியில் உட்கார வைத்தார். எழுபதைத் தாண்டியவர், பூப்போட்ட கவுன், காலில் வீக்கம். வீடு முழுக்க அட்டைப் பெட்டி.

எலுமிச்சை சர்பத் கொடுத்தார். பிறகு அந்த அடுப்பிலேயே எண்ணெய் இல்லாமல் அப்பளம் சுட்டுக் கொடுத்தார். உள்ளே மஞ்சள் விளக்கு எரிந்தது, உறுமல் சத்தம் கேட்டது, அப்பளம் தானாக நெளிந்து எழுந்தது. நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு பக்கம் பொரிந்திருந்தது, மறுபக்கம் பச்சையாக இருந்தது.

"தட்டு சுத்தறது நின்னு ரொம்ப நாளாச்சும்மா. அந்த மூலையில வெச்சாத்தான் பொரியும். முசியே இருந்த வரைக்கும் அவரு நின்னு திருப்பித் திருப்பி வெப்பாரு. எனக்கு அந்தப் பொறுமை ஏது?" என்றார் மதாம்.

இதில் என்ன சமைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். சமைக்க இல்லை மதாம், கெமிக்கல் வைக்க என்றான் பிரபு. "மொன் தியே, கடவுளே" என்று நெஞ்சில் கை வைத்தார். அப்புறம் சிரித்துவிட்டார். கிளம்பும்போது அடுப்பின் தலையை ஒரு தடவை தடவிக் கொடுத்தார், ஊருக்கு அனுப்புகிற பிள்ளையைத் தடவுவது மாதிரி.

அந்த அப்பளத்தை நானும்தான் தின்றேன். எனக்கு உப்பு கொஞ்சம் தூக்கல் என்பது மட்டும்தான் மனதில் நின்றது.

மீனா, கோழியா?

அடுப்பின் பிளக் நம் ஊர் துளைக்குப் பொருந்தவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து மாற்றினார். புகை போகும் கண்ணாடிக் கூண்டுக்குள் அதை ஏற்றி வைத்தோம். இனி இதில் யாரும் சாப்பாடு சுட வைக்கக் கூடாது என்று சார் முதல் நாளே சொல்லிவிட்டார்.

திருகு குமிழில் எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருந்தது. ஒரு மீன் படம், ஒரு கோழிப் படம், ஒரு கோப்பைப் படம் மட்டும் தெரிந்தன. மீனில் வைத்தால் சூடு குறைவு, கோழியில் அதிகம். நாலு நாளில் லேப் முழுக்க அந்தப் பேச்சுதான். "மீனா கோழியா?" என்று அங்கிருந்து ஒரு குரல் கேட்கும். "மீன்ல வேகல, கோழிக்குப் போறேன்" என்று இங்கிருந்து பதில் போகும். புதிதாக வருகிறவர்கள் கேண்டீனுக்கு வழி தவறி வந்துவிட்டோமோ என்று பார்ப்பார்கள்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நெருப்பே இல்லாமல் எப்படி வேகிறது என்று கலைவாணியிடம் கேட்டேன். அவள் குடுவையைத் தூக்கிக் காட்டிச் சொன்னாள்.

"நம்ப அடுப்பு மொதல்ல பாத்திரத்தச் சுட வெக்கும், அப்புறம்தான் உள்ள இருக்கறது சுடும். இது நேரா உள்ள இருக்கறதையே போயித் தொடுதுக்கா."

அந்த வாரம் முழுக்க அவள் முயன்றாள். யூரியாவையும் மற்ற இரண்டையும் கல்வத்தில் போட்டு அரைப்பாள். சட்னிக்கு அரைக்கிற சத்தம். பீக்கரில் வழித்துப் போட்டு அடுப்பில் வைப்பாள். ஒருநாள் அரைத்தது அரைத்தபடியே கூழாக வெளியே வரும். மறுநாள் அதே கோழி, அதே நேரம், கரிக்கட்டையாக வரும். மஞ்சள் புகை கூண்டு முழுக்கச் சுற்றும்.

சார் இரண்டு பீக்கரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஒரு நாளு கூழு, ஒரு நாளு கரி. இது கெமிஸ்ட்ரியா, லாட்டரியாம்மா?"

கலைவாணி தலையைக் குனிந்துகொண்டாள். திங்கட்கிழமை எல்லோருடைய ப்ராஜெக்ட் தலைப்பும் ஆபீசுக்குப் போக வேண்டும் என்றார் சார். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் இரண்டு தடவை ஒரே மாதிரி செய்து காட்டினால் சரி. இல்லையென்றால் நூலகத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் செய்ததைத் தொகுத்து எழுதுகிற ப்ராஜெக்ட். அதில் மார்க் வரும். ஆனால் காலாப்பட்டில் போய், என் கையால் செய்தது என்று சொல்ல ஒன்றும் இருக்காது.

பொரிந்ததும் பொரியாததும்

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்குத் திரும்புகிறேன். நான் அப்பளக் கட்டோடு மூச்சு வாங்க வந்தபோது, கலைவாணி அடுப்பின் சுற்றாத தட்டைக் கழற்றி வெளியே வைத்திருந்தாள். அடித்தளத்தில் வெள்ளைத் தாள் விரித்திருந்தாள்.

"மதாம் வீட்டு அப்பளம் ஞாபகம் இருக்காக்கா? ஒரு பக்கம் பொரிஞ்சிச்சே. அந்தக் கோளாறுதான் எனக்கும். நான் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு எடத்துல வெச்சிருக்கேன்."

அப்பளங்களைத் தாள் முழுக்க இடைவெளி விட்டு அடுக்கினாள். கதவைச் சாத்தினாள். கோழி. பிரபுவும் வந்து சேர, மூவரும் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றோம்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு பின்பக்கம் இடது மூலையில் ஒன்று மெல்லத் தலையைத் தூக்கியது. பட், பட் என்று கொப்புளம் விட்டு உள்ளங்கை மாதிரி மடங்கியது. நடுவில் இருந்தது பாதி மட்டும் வெளுத்தது. மற்றவையெல்லாம் போட்டது போட்டபடி வட்டமாகக் கிடந்தன.

"அதோ, அதோ" என்று பிரபு என் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புது அப்பளம் அடுக்கி மறுபடி ஓட்டினாள். அதே மூலை பொரிந்தது. அதே நடு பாதி வெளுத்தது. கலைவாணி சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் அந்த மூலையில் ஒரு வட்டம் போட்டாள். அவசரத்தில் வட்டம் கோணலாகப் போனது.

அப்பள வாசனை அதற்குள் மாடி முழுக்கப் பரவிவிட்டது. பிசிக்ஸ் பிள்ளைகள் வாசலில் எட்டிப் பார்த்து என்ன விசேஷம் என்றார்கள். சார் அறையிலிருந்து வந்தார். மூக்கை உறிஞ்சினார். அடுப்பைப் பார்த்தார், சிவப்பு வட்டத்தைப் பார்த்தார், தட்டில் குவிந்திருந்த அப்பளத்தைப் பார்த்தார். கலைவாணி மூச்சு விடாமல் விளக்கம் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"சரி, பண்ணு" என்றார். பிரபுவின் கை தட்டுப் பக்கம் போவதைப் பார்த்துவிட்டு, "அதுல ஒன்னு வாயில போச்சின்னா உனக்கு வைவா கெடையாது" என்றார். பொரிந்த அப்பளத்தை எல்லாம் நான்தான் குப்பைக் கூடையில் போட்டேன். மனசே வரவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம். நிறுத்தாள், அரைத்தாள், பீக்கரைச் சிவப்பு வட்டத்தில் வைத்தாள். அரை அரை நிமிடமாக ஓட்டி, நடுநடுவே எடுத்துக் கண்ணாடிக் குச்சியால் கிளறினாள். மூன்றாம் தடவை கிளறும்போது குச்சி நகரவில்லை. கூழ் இறுகிக் கட்டியாகியிருந்தது. கருகவில்லை. லேசான மஞ்சள்.

"அக்கா, ஐஸ்" என்று கத்தினாள்.

நான் ஐஸை உடைத்துக் கொண்டு வந்தேன். கட்டியை ஐஸ் தண்ணீரில் உதிர்த்து, வடிகட்டி, சூடான ஸ்பிரிட்டில் கரைத்து ஆற வைத்தாள். ஆறுகிறபோது குடுவையின் ஓரத்தில் ஊசி ஊசியாக எதுவோ மின்ன ஆரம்பித்தது. வெயில் பட்டு வெள்ளை வெள்ளையாக இறங்கியது. அத்தனை வருடம் அந்த லேபில் குடுவை கழுவியிருக்கிறேன், ஒன்று பிறக்கிற நேரத்தில் பக்கத்தில் நின்றது அன்றுதான்.

ஆற விட்டுவிட்டு அவள் இரண்டாவதை அரைக்க ஆரம்பித்திருந்தாள். அதுவும் அதே நேரத்தில் இறுகியது. அதே மஞ்சள். அதே ஊசிகள்.

இரட்டைக் குழாய்

வெள்ளையாக இருந்தால் மட்டும் போதாதாம். எந்தச் சூட்டில் உருகுகிறது என்று பார்க்க வேண்டுமாம். புத்தகத்தில் சொன்ன சூட்டில் பட்டென்று உருகினால் பொருள் சுத்தம். சுத்தமில்லாதது முன்னாலேயே இளகிக் குழைந்துவிடும்.

தலைமுடி மாதிரி இரண்டு கண்ணாடிக் குழாய். ஒன்றில் முதலில் செய்தது, மற்றதில் இரண்டாவது. இரண்டையும் நூலால் தெர்மாமீட்டரோடு சேர்த்துக் கட்டி எண்ணெய்க்குள் இறக்கினாள். பிரபு பர்னரைப் பிடித்துக்கொண்டான். சார் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குனிந்தார். இதை மட்டும் அவசரப்படுத்த முடியாது. மெல்ல மெல்லத்தான் சூடேற்ற வேண்டும்.

அப்போது மணி அடித்தது.

கோவிந்தன் அண்ணன் வாசலில் வந்து நின்று செருமினார். யாரும் திரும்பவில்லை. மறுபடி செருமினார். கலைவாணி கண்ணைத் தெர்மாமீட்டரிலிருந்து எடுக்காமலே, ஒரு கையால் பையைத் தேடினாள். அந்தக் கை என்னை என்னவோ செய்தது.

"பொம்பளப் புள்ளைங்க கெளம்பலாம் சார். மணி அடிச்சிட்டேன்" என்றார் அண்ணன்.

சார் கடிகாரத்தைப் பார்த்தார், பிரபுவைப் பார்த்தார். பையன்கள் பார்த்துச் சொல்வார்கள் என்று அவர் சொல்லப்போகிறார் என்று எனக்குத் தோன்றியது.

நான் கூட்டத்தில் பேசினதே இல்லை. பெயரைக் கேட்டால்கூட இரண்டாம் தடவைதான் வெளியே வரும். அன்றைக்கு வந்தது.

"அண்ணே, நானும் பொம்பளதான். டெய்லி ஆறு மணி வரைக்கும் இங்க இருந்துட்டுதான் உங்க கையில சாவி தர்றனே. என்ன ஒரு நாளாச்சும் கெளம்பச் சொன்னீங்களா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். முதல் தடவை பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். சாரும் நிமிர்ந்து பார்த்தார். எனக்குத் தொட்டிப் பக்கம் ஓடிவிடலாமா என்றிருந்தது.

"அது வந்து... நீ வேல செய்யறவ" என்றார் அண்ணன்.

"அந்தப் புள்ளயும் வேலதான செய்யுது" என்றேன்.

சார் மறுபடி தெர்மாமீட்டர் பக்கம் குனிந்தார். "கோவிந்தன், நானும் இங்கதான் இருக்கேன். ஆறு மணிக்குச் சாவி வரும்" என்றார்.

கலைவாணியின் கை பையை விட்டது.

எண்ணெயில் சின்னக் குமிழ்கள் நெளிந்தன. நூற்று எண்பது தாண்டியது. நூற்றுத் தொண்ணூறு. இரண்டு குழாயிலும் வெள்ளை அசையாமல் நின்றது. இருநூறு. பிரபு பர்னரைத் தள்ளிப் பிடித்தான்.

இருநூற்று இரண்டில் இடது குழாய் கண்ணாடி மாதிரி தெளிந்தது. நான் வலதைப் பார்ப்பதற்குள் அதுவும் தெளிந்துவிட்டது. இரண்டும் ஒன்றாக.

சார் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். இரண்டாம் தடவையும் பார்த்தார்.

"திங்கக்கெழம தலைப்பு எழுதிக் குடு" என்றார். போகிறபோது வாசலில் நின்று, "அப்பளத்தையும் எழுதணும்மா. மறைக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கலைவாணி என் இரண்டு ஈரக் கைகளையும் பிடித்துக்கொண்டு குதித்தாள். நானும் குதித்தேன். அந்த வயதில், புடவையோடு, லேபின் நடுவில். பிரபு பர்னரை அணைக்க மறந்து சிரித்துக்கொண்டிருந்தான். கோவிந்தன் அண்ணன் வாசலிலேயே நின்று, என்ன ஆச்சு, பாஸா என்று கேட்டார். பாஸ் என்றேன். ஆறு மணிக்குச் சாவியைக் கொடுத்தபோது கலைவாணி என் பக்கத்தில் நின்றிருந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை, அரை நாள் லேப் உண்டு. கலைவாணி அதையே இன்னொரு தடவை செய்துவிட்டு மதியம் கடலூர் பஸ்ஸில் போனாள். மிச்சமிருந்த அப்பளக் கட்டை யூரியா பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, சாப்பிடக் கூடாது என்று எழுதி ஒட்டினேன்.